கட்டைவிரல் முக்கோணம்

முக்கோணத்துக்கு மூன்று பக்கம் என்பது, கல்வித்துறை அதைக் கையில் எடுக்கும்வரை யாருக்கும் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. கணக்கு வாத்தியார் வருடா வருடம் அதைக் கரும்பலகையில் போடுவார். 'எந்த இரண்டு பக்கங்களின் கூடுதலும் மூன்றாவது பக்கத்தைவிட அதிகம்' என்று எழுதுவார். அடியில் இரட்டைக் கோடு இழுப்பார். மணி அடித்ததும் அழித்துவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டு, பரீட்சையில் திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டு, மறந்துபோவார்கள். யாராலும் யாருக்கும் தொந்தரவில்லை.

வினை வெள்ளையடிப்பு ரூபத்தில் வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள்கள் வந்தார்கள். கரும்பலகையைக் கழற்றி வராந்தாவில் சாய்த்தார்கள். அளவுகோல், பாகைமானி எல்லாம் இருந்த அலமாரியைச் சாக்கு போட்டு மூடி, கயிறு வைத்துக் கட்டினார்கள். பிள்ளைகளை மட்டும் எங்கே வைப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வாத்தியார் அவர்களைப் பின்பக்கத்து மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணி அடிக்கும்வரை சத்தம் போடாமல் இருக்கவேண்டுமே என்ற ஒரே கவலையில், "ஆளுக்கு மூணு குச்சி பொறுக்கிட்டு வாங்க. முக்கோணம் பண்ணுங்க," என்றார்.

அவ்வளவுதான் அவர் செய்த புரட்சி.

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் சில்வண்டு என்று பேர் வைத்திருந்தார்கள். எல்லாரும் முக்கோணம் செய்துவிட்டுக் கூழாங்கல் தேடப் போய்விட்டார்கள். சில்வண்டு மட்டும் மண்ணில் குந்தி உட்கார்ந்து குச்சியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"சார், என்னோடது சேர மாட்டேங்குது."

"வேற மாதிரி வச்சுப் பாரு."

"எப்படி வச்சாலும் சேரலை சார். இந்த ரெண்டு குட்டையும் சேர்ந்தாக்கூட அந்த நெட்டைக்குப் பத்தலை. அப்புறம் எப்படி சார் சேரும்?"

சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு ஓடிப்போய் மற்றவர்களின் குச்சிகளையெல்லாம் பிடுங்கி அளந்து பார்த்தாள். "உன்னோடது பத்துது. அதான் சேருது. உன்னோடதும் பத்துது. டேய், நீ ஒரு குச்சியை ஒடிச்சுப் பாருடா, சேராது." வகுப்பு முழுக்க ஒடிக்க ஆரம்பித்தது. சேராத முக்கோணங்களைப் பார்த்து அவர்கள் அடித்த கும்மாளம் சுண்ணாம்பு அடிப்பவர்கள் வரைக்கும் கேட்டது. அத்தனை வருடம் இரட்டைக் கோடு இழுத்த வரி மண்ணில் கிடப்பதை வாத்தியார் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார். அவருக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. பதவி உயர்வு வந்தபோதுகூட அப்படிச் செய்யவில்லை.

அந்த நேரம் பார்த்து, வெள்ளையடிப்பைப் பார்வையிட வந்த ஆய்வு அதிகாரி சத்தம் கேட்டுப் பின்பக்கம் வந்தார். தலைமையாசிரியை அவர் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"இது என்ன முறை?" என்றார் அதிகாரி.

"முறைன்னு ஒண்ணும் இல்லைங்க சார். உள்ள வெள்ளையடிக்கிறாங்க."

"முறைக்குப் பேர் என்னன்னு கேட்டேன்."

"பேரு வைக்கலைங்க."

"பேர் வைக்காம எப்படிப் பிள்ளைங்களுக்குப் புரியுது?"

 வாத்தியார் தனக்கு மெமோ வரப்போகிறது என்று நினைத்தார். அதைவிடப் பெரியது வந்தது.

'இயற்கைவழி வடிவியல் இயக்கம்' என்று துறை ஒரு திட்டம் அறிவித்தது. அதைக் கண்டுபிடித்ததற்காக ஆய்வு அதிகாரி திட்ட இயக்குநர் ஆனார். முதல் சுற்றறிக்கையில், எல்லாப் பள்ளிகளும் இலை, குச்சி, கூழாங்கல், விதை ஆகிய இயற்கைப் பொருள்களைக் கொண்டே வடிவியல் கற்பிக்க வேண்டும் என்று இருந்தது. படித்துவிட்டு வாத்தியார் சந்தோஷப்பட்டார். வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "நல்லதுதானே. எதுக்கும் அடுத்த சுற்றறிக்கை வரட்டும்," என்றாள்.

அடுத்தது வந்தது. இலைகள் ஒரே அளவில் இருக்க வேண்டும். கூழாங்கல் உருண்டையாக இருக்க வேண்டும். உருண்டையாக இல்லாத கற்களை இயற்கையிடமே திருப்பி ஒப்படைக்க வேண்டும். அதற்கடுத்தது, இயற்கைப் பொருள்களில் தூசியும் எறும்பும் இருப்பது தெரியவந்துள்ளதால் மாணவர்கள் அவற்றை நேரடியாகத் தொடக் கூடாது என்றது. பொருள்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, தொட்டதுபோல் பாவித்துக் கற்க வேண்டும். தலைமையாசிரியை சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பிறகு மழை பற்றி ஒரு கேள்வி எழுந்தது. மரத்தடியில் வகுப்பு நடக்கும்போது மழை வந்தால் திட்டம் நனைந்துவிடுமே. ஆகவே பின்பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அதற்கு 'இயற்கை அரங்கம்' என்று பேர் வைப்பது என்று முடிவானது. கொட்டகைக்கு இடம் மரம் இருந்த இடம்தான்.

"மரம் நிக்குதே மேடம்," என்றார் வாத்தியார்.

"அதான் எடுக்கப்போறாங்க. அது இருந்தா இயற்கை அரங்கம் எங்க கட்டுறது?" என்றாள் தலைமையாசிரியை. "திட்டமே உங்களால வந்தது. நீங்களே குறுக்க நிக்கலாமா?"

"சரிங்க மேடம்," என்றார் வாத்தியார்.

மரம் வெட்டும் சத்தம் கேட்டபோது அவர் ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பாமல் நடத்தினார். 

கடைசியாக 'இயற்கைப் பெட்டி' வந்து சேர்ந்தது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரிப் பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் இலை, பிளாஸ்டிக் கூழாங்கல், பிளாஸ்டிக் குச்சி. குச்சிக்குக் கணுவெல்லாம் வைத்து, பழுப்பு வண்ணம் பூசி, நிஜக் குச்சியைவிட இயற்கையாகச் செய்திருந்தார்கள். முக்கோணத்துக்கென்று தனி உறையில் மூன்று குச்சி இருந்தது. ஒன்று ஒன்பது அங்குலம். மற்ற இரண்டும் நாலு நாலு அங்குலம்.

வாத்தியார் அவற்றை மேசையில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். நாலும் நாலும் எட்டு. எட்டு ஒன்பதுக்குப் பத்தாது. பக்கத்து வட்டாரப் பள்ளியில் அவருக்குத் தெரிந்த கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். எதைச் சொன்னாலும் "அதான் சார்" என்று தொடங்குவதால் அதுவே அவர் பேராகிவிட்டது. அவருக்குப் போன் போட்டார்.

"உங்களுக்குப் பெட்டி வந்துச்சா? அந்த மூணு குச்சி முக்கோணம் ஆகுதா?"

"அதான் சார். ஆகலை."

"பின்ன என்ன பண்ணுனீங்க?"

"ஆச்சுன்னு எழுதி அனுப்பிட்டோம். எல்லா ஸ்கூலும் அப்படித்தான் அனுப்பியிருக்கு. எழுதிக் கொடுத்தப்புறம் ஆகித்தான சார் தீரணும்."

"யாராவது மேல சொல்லலாமே."

"அதான் சார். சொல்லலாம். நீங்க சொல்றீங்களா?"

வாத்தியார் போனை வைத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமையே அவருடைய பள்ளியும் 'முக்கோணம் அமைந்தது' என்று எழுதி அனுப்பியது. அந்த வாக்கியத்தைத் தலைமையாசிரியை சொல்லச் சொல்ல, அவர்தான் தன் கையால் எழுதினார்.

இயக்கம் பிறந்த இடம் என்பதால் செயல்விளக்க விழாவை அவர்கள் பள்ளியிலேயே வைத்தார்கள். புதுத் தகரக் கொட்டகையில் வெயில் இறங்கி எல்லாரும் வெந்துகொண்டிருந்தார்கள். மேடையில் இயக்குநர் எழுந்து ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நான் படித்த காலத்தில் எனக்கு வடிவியல் புரிந்ததே இல்லை. இன்றைக்கும் புரியாது. அதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை. ஒன்றும் புரியாத ஒருவனே இந்த இயக்கத்தை இவ்வளவு தூரம் கொண்டுவர முடிந்தது என்றால், புரிந்தவர்கள் ஏன் கொண்டுவரவில்லை என்று யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் ஒரு குழந்தை ஒரு மாதிரி குச்சி எடுக்கும், இன்னொரு குழந்தை இன்னொரு மாதிரி எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விடை. அந்தக் குழப்பத்தை ஒழித்திருக்கிறோம். இன்று எல்லாக் குழந்தைகளும் ஒரே குச்சியை வைத்து, ஒரே நேரத்தில், ஒரே விடையைத் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள்."

கைதட்டினார்கள். தலைமையாசிரியை முதல் வரிசையில் உட்கார்ந்து கொஞ்சம் கூடவே தட்டினாள்.

முக்கோணம் செய்து காட்ட ஒரு பையனைத் தயார் செய்திருந்தார்கள். அவனுக்குக் காலையில் வாந்தி வந்துவிட்டது. வேறு யார் என்று தேடியபோது சில்வண்டு தானாகவே எழுந்து போய்விட்டாள். தடுக்க வாத்தியார் கையைத் தூக்கினார். அதற்குள் அவள் மேடை ஏறி, உறையைப் பிரித்து, குச்சிகளை மேசையில் கொட்டிவிட்டாள். ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். சிரித்தாள்.

"இது சேராது சார்."

ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் அது கொட்டகை முழுவதும் கேட்டது.

"என்னம்மா?" என்றார் இயக்குநர்.

"இது சேராது சார். இந்த ரெண்டு குட்டையும் சேர்ந்தாலும் நெட்டைக்குப் பத்தலை. ஒரு அங்குலம் குறையுது பாருங்க. எங்க சார்தான் சொல்லிக் கொடுத்தார்." குச்சி ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, சலவைக்கடைக்காரர் துணியில் கறை இருக்கும் இடத்தைக் காட்டுவதுபோல நிதானமாக விளக்கினாள். அவள் அம்மா சலவைக்கடை நடத்துபவள். பிள்ளைக்கு அந்தக் கை வந்திருந்தது.

இயக்குநர் குச்சியைப் பார்த்தார். பிறகு தலைமையாசிரியையைப் பார்த்தார். அவள் வாத்தியாரைப் பார்த்தாள். கொட்டகையில் இருந்த அத்தனை பேரின் தலையும் வரிசையாகத் திரும்பி, பார்வை கடைசியில் வாத்தியாரிடம் வந்து நின்றது.

"அப்படியா வாத்தியாரே?" என்றார் இயக்குநர்.

'ஆமாம்' என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். வாத்தியாரின் நாக்கு நுனிவரை அது வந்ததும் உண்மை. ஆனால் தன் கையால் எழுதி அனுப்பிய அந்த வாக்கியமும் கூடவே வந்து வழியை மறித்துக்கொண்டது.

"பதட்டத்துல சொல்றா சார். புதுசா மேடை ஏறுறா இல்லையா. சேரும்."

மேடைக்குப் போனார். நெட்டைக் குச்சியைக் கிடத்தினார். இரண்டு முனையிலும் குட்டைக் குச்சிகளை லேசாகச் சாய்த்து வைத்தார். உச்சியில் இருந்த இடைவெளிமேல் தன் கட்டைவிரலைக் குறுக்காகப் படுக்கவைத்து அழுத்தினார். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சேர்ந்துதான் தெரிந்தது.

"சேர்ந்துடுச்சே," என்றார் இயக்குநர், நிஜமான ஆச்சரியத்தோடு. போட்டோ எடுத்தார்கள்.

சில்வண்டு பக்கத்திலேயே நின்றாள். அவள் குச்சியைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். தனக்குத் தெரியாத ஏதோ ஒரு பாடம் அதில் இருக்கிறது, தான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்பதுபோலப் பார்த்தாள். அவர், "போய் உட்காரு," என்றார். குரல் தன்னையறியாமல் கடுமையாக வந்தது.

அந்தப் போட்டோ சுவரொட்டியாகி எல்லாப் பள்ளிக்கும் போனது. சுவரொட்டியைத் தொடர்ந்து செய்முறைக் குறிப்பும் போனது. 'ஆசிரியர் தமது கட்டைவிரலை உச்சியில் உரிய முறையில் வைக்க வேண்டும். நகம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். மோதிரம் கூடாது. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் முன் அனுமதி பெற வேண்டும்.' காலாண்டுப் பரீட்சையில், முக்கோணத்தின் உறுப்புகள் யாவை என்று ஒரு கேள்வி வந்தது. மூன்று பக்கம், மூன்று கோணம், ஒரு கட்டைவிரல் என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். அதான் சார் போன் செய்து, "அதான் சார், உங்க விரலை எங்க ஸ்கூல் வாசல்ல மாட்டியிருக்கோம்," என்றார். அவர் பாராட்டித்தான் சொன்னார்.

சில்வண்டைப் 'புரிதல் மேம்பாட்டுப் பிரிவில்' போட்டார்கள். மேடையில் முக்கோணம் சேர்க்கத் தெரியாத பிள்ளையைச் சும்மா விட முடியாது என்றாள் தலைமையாசிரியை. பள்ளி விட்டதும் ஓவிய ஆசிரியரின் மேற்பார்வையில் உட்கார்ந்து, இயற்கைப் பெட்டியின் குச்சிகளை வைத்து முக்கோணம் செய்ய வேண்டும். வாத்தியார் சைக்கிள் எடுக்கப் போகும்போது ஜன்னல் வழியாக அவள் தலை தெரியும். அவர் சைக்கிளை வேறு பக்கம் நிறுத்த ஆரம்பித்தார்.

கொஞ்ச நாளில் அவள் தேறிவிட்டாள் என்று சான்று கொடுத்து வெளியே விட்டார்கள். நிஜமாகவே தேறித்தான் இருந்தாள். வகுப்பில் சத்தமே இல்லை. கேட்டால் பதில் சொன்னாள், கேட்காவிட்டால் இல்லை. ஒருநாள் அவர் வேண்டுமென்றே பலகையில் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து, அந்தத் தப்பை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவள் அம்மா வந்தாள். கடையை அடைத்துவிட்டு வந்திருப்பாள் போல. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"சார், அன்னைக்குப் பெரியவங்க முன்னாடி எம் பொண்ணு உங்களை எதிர்த்துப் பேசிட்டாளாம். எனக்கு இப்பதான் தெரியும். மனசுல எதுவும் வச்சுக்காதீங்க சார்."

"பரவாயில்லம்மா."

"அவ வீட்டுலயும் இப்படித்தான் சார். எதைச் சொன்னாலும் ஏன், எதுக்குன்னு நிப்பா. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க, இப்ப அடங்கிட்டா. தான் உண்டு தன் வேலை உண்டுன்னு இருக்கா. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"பரவாயில்லம்மா," என்றார் வாத்தியார் மறுபடியும்.

தப்பு செய்தவர் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார். தப்பே செய்யாதவள் அதற்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். வாத்தியார் தண்ணீர் குடிக்கலாம் என்று டம்ளரை எடுத்தார். குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு சொன்னது சரியா, தப்பா?"

"சரிதான்."

"அப்ப நீங்க சொன்னது?"

"நான் சொன்னது... அது சபையில சொல்றது."

"கடையில நான் மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டு, அது கடையில கொடுக்கறதுன்னு சொல்ல முடியுமா?"

 கேட்டுவிட்டு அவள் கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக இயக்குநர் அலுவலகத்துக்குப் போனார். வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். அறைக்குள் நுழைந்ததும் ஒத்திகை மறந்துபோய் நடுவிலிருந்து ஆரம்பித்தார்.

"சேரலைங்க சார். அன்னைக்கு நான் விரலை வச்சு மறைச்சேன். அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி."

இயக்குநர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார். டீ வரவழைத்தார்.

"எதைத் தப்புன்னு சொல்றீங்க? குச்சியையா, விரலையா?"

"ரெண்டையும்தாங்க."

"குச்சி முறைப்படி டெண்டர்ல வந்தது. பெட்டி ஒன்பது அங்குலம். அதனால பெரிய குச்சி ஒன்பது. மீதி இடத்துல கூழாங்கல் வைக்கணும், அதனால சின்னக் குச்சி நாலு. இதுல எங்க தப்பு? விரல் உங்களோடது. அதுல தப்பு இருந்தா உங்க மேலதான் நடவடிக்கை எடுக்கணும். எடுத்துடலாமா?"

வாத்தியார் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஆடை படிந்துகொண்டிருந்தது. 'எடுங்கள்' என்று சொல்லத்தான் வந்திருந்தார்.

"வேண்டாங்க சார்," என்றார்.

"நானும் அதைத்தான் நினைச்சேன். ஆனா நீங்க வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு." இயக்குநர் முன்னால் சாய்ந்தார். "அந்தப் பொண்ணு எழுந்து சேராதுன்னு சொன்னா பாருங்க, எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அதுக்கப்புறம் நீங்க போய்ச் சேர்த்ததும் எப்படி இருந்துச்சு? விழாவுலயே அந்த இடம்தான் நல்லா இருந்தது. மத்த ஸ்கூல்ல எல்லாம் எடுத்த எடுப்புலயே சேர்ந்துடுது. யாரும் கவனிக்கறதே இல்ல. துறை கேள்விகளை வரவேற்கணும் வாத்தியாரே. முறையா வரவேற்கணும்."

அவர் கைகொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். அடுத்த சுற்றறிக்கை வந்தபோது வாத்தியாருக்கு விஷயம் விளங்கியது. இனி ஒவ்வொரு செயல்விளக்கத்திலும் 'ஐயம் கொள்ளும் மாணவர்' ஒருவர் இடம்பெற வேண்டும். அவர் எழுந்து, முக்கோணம் சேராது என்று ஐயம் தெரிவிக்க வேண்டும். ஐயம் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. ஆசிரியர் விரல் வைத்ததும் ஐயம் நீங்க வேண்டும். அன்றைக்கு அந்த மாணவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்காக, மாற்று ஐயம் கொள்பவர் ஒருவரையும் தயார் நிலையில் வைத்திருக்க வேண்டும்.

அவர்கள் பள்ளிக்கு ஐயம் கொள்ளும் மாணவர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அனுபவம் உள்ளவள் ஒருத்திதான்.

ஒத்திகைக்குத் தலைமையாசிரியையே வந்து உட்கார்ந்தாள். "சந்தேகமாச் சொல்லு. ஆனா மரியாதையாச் சொல்லு. கையை ஆட்டாதே," என்று சொல்லிக்கொடுத்தாள். சில்வண்டு சொன்னபடி சொன்னாள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஒத்திகை முடிந்ததும் வாத்தியாரிடம் வந்தாள்.

"சார், நீங்க விரல் வச்சதும் உடனே சந்தேகம் போயிடணுமா, கொஞ்சம் யோசிச்சுட்டுப் போகணுமா?"

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்ம்மா."

அவள் குழம்பிவிட்டாள். "இல்ல சார், நீங்களே சொல்லிடுங்க. தப்பாயிடப் போகுது," என்றாள்.

அன்றைக்கு வாத்தியார் ஒரு முடிவுக்கு வந்தார். வேலை போனாலும் சரி, விழாவன்று விரலை வைக்கப்போவதில்லை. மனைவியிடமும் சொன்னார். அவள் ஒரு கணம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "செய்ங்க. பாத்துக்கலாம்," என்றாள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

இரண்டாவது விழாவுக்கு மேலிடத்திலிருந்து ஆள்கள் வந்திருந்தார்கள். கொட்டகையில் மின்விசிறி மாட்டியிருந்தார்கள். இயக்குநர் பேசினார். குச்சிகள் மேசைக்கு வந்தன. சில்வண்டு எழுந்து மேடை ஏறி மேசைப் பக்கம் நின்று, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்துக்கொண்டு, "ஐயா, இம்மூன்று குச்சிகளும் சேரா என்று எனக்கு ஐயமாக உள்ளது," என்றாள். மேலிடத்து ஆள்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

வாத்தியார் மேடைக்குப் போனார். நெட்டைக் குச்சியைக் கிடத்தினார். குட்டைக் குச்சிகளைச் சாய்த்து வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

உச்சியில் இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. கடைசி வரிசைக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவர் காத்திருந்தார்.

ஓவிய ஆசிரியர் ஓரத்தில் நின்று கைதட்டச் சொல்லிச் சைகை காட்டினார். கொட்டகையே எழுந்து கைதட்டியது. "பார்த்தீர்களா, சேர்ந்துவிட்டது," என்று ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் கேட்டது. மேலிடத்து ஆள்கள் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்கள்.

"சேரலை," என்றார் வாத்தியார். கைதட்டலில் அது அவருக்கே கேட்கவில்லை. ஒலிபெருக்கி இயக்குநர் கையில் இருந்தது. வாத்தியார் சில்வண்டு பக்கம் குனிந்தார். "சேரலைம்மா. நீ அன்னைக்கே சரியாத்தான் சொன்னே. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் முகம் வெளிறிப்போனது. சட்டென்று திரும்பித் தலைமையாசிரியையைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். அவர் என்ன சொன்னார் என்பது அவள் காதில் ஏறவே இல்லை. எட்டி, தன் கட்டைவிரலை இடைவெளிமேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"விரலை மறந்துட்டீங்க சார்," என்றாள் உதடு அசையாமல். "யாரும் பாக்கலை. நான் வச்சிருக்கேன், பயப்படாதீங்க."

போட்டோ எடுப்பவர் மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தலைமையாசிரியையும் வந்துகொண்டிருந்தாள். சில்வண்டின் விரல் சின்னது. எவ்வளவு அழுத்தினாலும் இரண்டு பக்கமும் இடைவெளி கொஞ்சம் தெரிந்தது.  மறுபடி அந்தப் பிரிவில் போட்டுவிடுவார்களோ என்று அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

வாத்தியார் கட்டியிருந்த கையைப் பிரித்து, தன் விரலை அவள் விரலுக்குப் பக்கத்தில் வைத்தார்.